நீளத்தை விடுங்கள், நிற்கும் நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுரங்கத்திலிருந்து தாதுவையும் நிலக்கரியையும் ரயிலில் கொண்டுபோகும் செலவை எப்படிக் குறைப்பது என்ற கட்டுரையைப் படித்தேன். நீளமான ரயில், பலமான எஞ்சின் என்றே பக்கம் முழுக்கப் போய்விட்டது. 2001 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 682 வேகன்கள், 8 எஞ்சின்களோடு 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடிய இரும்புத்தாது ரயிலையும் சொல்லியிருந்தீர்கள். அது சாதனைக்காக ஓட்டியது. அன்றாடம் அங்கே ஓடுபவை அதில் பாதி நீளம்கூட இல்லை. எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதையும், துறைமுக யார்டும் எவ்வளவு இடம் கொடுக்கின்றனவோ அவ்வளவுதான் ரயில் நீள முடியும்.

சுரங்க சைடிங்கில், அதாவது வேகன்களில் சரக்கு ஏற்றும் பக்கப்பாதையில், வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் கரைவது ஓடும் ரயிலில் அல்ல, நிற்கும் ரயிலில். ஒரு ரேக் (ஒன்றாகக் கோத்த முழு வேகன் வரிசை) போய்த் திரும்ப நான்கு நாள் ஆகிறது என்று வையுங்கள். அதை மூன்றாக்கினால், பன்னிரண்டு நாளில் மூன்று நடை அடித்த அதே வேகன்கள் நான்கு நடை அடிக்கும். புதிதாக ஒரு வேகன்கூட வாங்க வேண்டாம்.

அந்த ஒரு நாளை எங்கே பிடிப்பது? இரண்டு முனைகளிலும்தான். லோடர் என்ற அள்ளும் வண்டியை வைத்து அள்ளிப் போட்டால் மணிக்கணக்கில் இழுக்கும். உயரமான சைலோவின், அதாவது சரக்கைச் சேர்த்து வைக்கும் கோபுரத்தின், அடியில் ரயில் ஊர்ந்தபடியே நிரம்பினால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். இறக்கும் முனையில், சுழலும் இணைப்பு உள்ள வேகன்களைக் கழற்றாமலே டிப்ளரில், அதாவது வேகனையே புரட்டிக் கொட்டும் இயந்திரத்தில், கவிழ்த்துவிடலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

லோடரில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எடைப்பாலம் பெரும்பாலும் சைடிங்கை விட்டு வெளியேறும் இடத்தில்தான் இருக்கும். அங்கே எடை கூடினால் அபராதம். வேகனை ஒதுக்கி நிறுத்தி, கூடுதலை வெட்டியெடுக்க வேண்டும். அந்தப் பயத்தில் லோடர்காரர் விளிம்புக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேகனுக்கு இரண்டு டன் குறைந்தால் 60 வேகனில் 120 டன். முழு ரயிலுக்கான டீசல், அதற்குக் குறைவான சரக்கு. நிரப்பும் இடத்திலேயே எடை காட்டினால் போதும், இது தீரும்.

அப்புறம் தண்ணீர். 4,000 டன் நிலக்கரியில் 12 சதவீதம் ஈரம் என்றால் 480 டன் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறோம். குவியலுக்கு அடியில் நல்ல வடிகால் அமைத்து, ரெண்டு நாள் வடியவிட்டு ஏற்றலாம். இரண்டு சதவீதம் குறைந்தாலே 80 டன். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

அச்சுச்சுமையை, அதாவது ஒவ்வொரு சக்கர அச்சும் தாங்கும் எடையை, கூட்டுவது பலன் தரும், மறுக்கவில்லை. ஸ்வீடனின் கிருணாவிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குப் போகும் தாதுப் பாதையில் அதை 25 டன்னிலிருந்து 30 ஆக்கினார்கள். வேகனுக்கு 100 டன் தாது ஏறியது. அங்கே எல்லை மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ரயில் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்திலேயே காலி ரயில் எல்லை வரை மேலே ஏறிவிடுகிறதாம். ஆனால் சுரங்கம் மேட்டிலும் துறைமுகம் பள்ளத்திலும் இருந்து, மின்பாதையும் இருந்தால்தான் அந்த அதிர்ஷ்டம். தண்டவாளத்தையும் பாலங்களையும் பலப்படுத்தும் செலவோ எங்கேயும் உண்டு.

சரி, சைலோ இவ்வளவு லாபம் என்றால் ஏன் எல்லாரும் கட்டவில்லை? கட்டுகிற செலவு சுரங்கத்துக்கு, வேகன் சீக்கிரம் திரும்புகிற லாபம் ரயில்வேக்கு. தாமதமானால் டிமரேஜ் என்று தாமதக் கட்டணம் வசூலிக்கிறார்கள். சீக்கிரம் நிரப்பிக் கொடுத்தால் என்ன தருகிறார்கள்? மிச்சமாகும் நேரத்துக்குக் கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்காதவரை, சைலோவுக்குக் குழி தோண்ட எந்தச் சுரங்க முதலாளியும் வரமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்