குளிசைப் பெட்டி மாறினா ஒரு வார்த்தை சொல்லுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு கிட்னி மாத்தி ஆறு வருஷமாச்சு, தந்தது என்ர அக்கா. சொந்தக்காரர் இப்பவும் கேக்கிறது ஒண்டுதான், "மாத்தியாச்சுத்தானே, பிறகென்னத்துக்கு இன்னும் குளிசை?" அக்காவின்ர எண்டாலும் என்ர உடம்புக்கு அது பிறத்தியார் சாமான், எந்த நேரமும் அடிச்சுக் கலைக்கத்தான் நிக்கும். அந்த எதிர்ப்புச் சக்தியை அமத்தி வைக்கத்தான் டக்ரோலிமஸ், மைக்கோபீனொலேட், பிரெட்னிசலோன் மூண்டும் போடுறன், கிட்னி வேலை செய்யிற காலம் முழுக்கப் போடவேணும். 1954ல பொஸ்டனில முதல்முதலா சரிவந்த ஆளுக்கு இதொண்டும் தேவைப்படேல்லை, ஏனெண்டா குடுத்தவர் அச்சொட்டான இரட்டைச் சகோதரம். என்ர அக்கா என்னிலும் நாலு வயசு மூப்பு, என்ன செய்யிறது.

போன வருஷம் நடந்ததைத்தான் எழுத வந்தனான். கிளினிக்கில டக்ரோலிமஸ் முடிஞ்சுது, வெளியில எடுங்கோ எண்டு துண்டு எழுதித் தந்தினம், ஒரு பார்மசியில எடுத்தா பெட்டி வேற கலர், கேட்டதுக்கு நிண்ட பெடியன் "எல்லாம் ஒண்டுதான் அண்ணை, கொம்பனி மட்டும்தான் வேற" எண்டான், நானும் தலையாட்டிப்போட்டு வந்திட்டன். அடுத்த கிளினிக்கில ரத்தத்தில மருந்து நிக்கிற லெவல் 7ல இருந்தது 3, கிட்னி பழுதானா ஏறுற கிரியேட்டினின் 1.2ல இருந்தது 1.9. டொக்டர் முதல் கேட்டதே "பெட்டி மாறினதோ?" எண்டுதான். பிறகு பயொப்சி (கிட்னியில சின்னத் துண்டு எடுத்துப் பாக்கிறது), மூண்டு நாள் ஸ்டீரொய்ட் ஊசி, அதால சீனி ஏறி இப்ப இன்சுலினும் குத்துறன்.

அந்தக் கொம்பனி கூடாது எண்டு நான் சொல்ல வரேல்லை. இந்த மருந்து கொஞ்சம் குறைஞ்சா உடம்பு கிட்னியை அடிக்கும், கொஞ்சம் கூடினா மருந்தே கிட்னியைப் பழுதாக்கும், கை நடுங்கும், தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேலாது. கொம்பனி மாறினா உடம்பு இழுக்கிற அளவும் ஆளுக்காள் மாறலாம், அதுதான் மாத்தின கையோட ரத்தம் குத்திப் பாக்கவேணும் எண்டு சொல்லினம். அந்த ரத்தம் காலமைக் குளிசை போட முந்திக் குடுக்கிறது, கன பேர் வீட்டிலயே போட்டிட்டு வந்து லைனில நிக்கினம், பிறகு அந்த லெவலை வைச்சு என்னத்தைச் சொல்லுறது? நான் குளிசையை சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டுதான் போறது.

இன்னொண்டு, தடிமன் காய்ச்சல் எண்டு போனா கிளறித்ரோமைசின் எண்ட அன்ரிபயோட்டிக், இடுப்பு நோவுக்கு டைக்குளோபினக் எண்டு கேக்காமலே எடுத்துத் தருகினம். முதலாவது டக்ரோலிமஸை ரத்தத்தில கண்டபடி ஏத்தும், மற்றது நேர கிட்னியிலதான் கை வைக்கும். சயத்துக்குக் குடுக்கிற ரிபாம்பிசின் மற்றப் பக்கம், லெவலை அப்பிடியே இறக்கிப்போடும். பம்பளிமாசு கூட எங்களுக்குக் கூடாது, மாமி வீட்டில நல்லாக் காய்ச்சுக் கிடக்குது, பாத்துக்கொண்டு இருக்கிறன்.

பார்மசிக்காரரிட்டக் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. டக்ரோலிமஸ், இல்லாட்டி அதே வேலை செய்யிற சைக்குளோஸ்போரின் துண்டோட ஆள் வந்தா பெட்டி மாறுதெண்டு வாயால ஒருக்கா சொல்லுங்கோ, கிளினிக்குக்கு அறிவிக்கச் சொல்லுங்கோ. நான் இப்ப ஒவ்வொரு பெட்டியிலயும் பேர் இருக்கிற பக்கத்தை வெட்டி கிளினிக் கொப்பிக்குள்ள திகதி போட்டு ஒட்டிறன், வீட்டில சிரிக்கினம், டொக்டர் சிரிக்கேல்லை.

கிட்னி மாத்தின வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.