ஷெட்லாந்து பயணம்: கிளம்பும் முன் கம்பளி நூல் அலமாரி

செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளுக்கு, லெர்விக் நகரை மையமாகக் கொண்ட கம்பளி வாரம் என்ற பின்னல் விழாவுக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். படுக்கை அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

அதற்கு முன் கம்பளி நூல் அலமாரியைப் பாருங்கள். நூல்கண்டில் மணல்போல் துகளும் அறுந்த இழையும் தெரிந்தால் அந்துப்பூச்சிப் புழுதான். காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் -18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்காதீர்கள், நூலில் ஈரம் கோத்துக்கொள்ளும். லேபிளைக் கண்டோடே கட்டிவையுங்கள். டை லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) மாறினால் ஸ்வெட்டரில் பட்டையாகத் தெரியும்.

கப்பலில் பின்ன வட்ட ஊசியே (வடத்தால் இணைந்த இரட்டை ஊசி) நல்லது, கைதவறி உருண்டு ஓடாது. அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டை நனைத்துக் காயவைத்த பிறகே 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஷெட்லாந்துக் கம்பளி நனைந்தால்தான் இழை உப்பி மலரும்.