பாட்டோடு ஒரு கையெழுத்துத் தாளும் அனுப்புங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னையில் சொந்தமாக இசை லேபிள் தொடங்கும் இளைஞர்கள் பலர் புதன்கிழமை மாஸ்டரை (பாட்டின் இறுதிப் பதிவை) அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமையே பாட்டு வெளியாக வேண்டும் என்கிறீர்கள். இனி 3 வாரம் முன்பாக, உரிமைத் தாளோடு (பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்த கையெழுத்துத் தாள்) வந்தால்தான் வாங்கிக்கொள்வோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவிடம் வெளிவராத பாட்டைத்தான் முன்வைக்க முடியும். குறைந்தது 7 நாள் முன்பே முன்வைத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலுக்கும் அது போகும். அட்டைப்படமோ பெயரோ தளங்களிலிருந்து திரும்பி வந்தால் திருத்தவும் நாள் வேண்டும்.

உரிமைத் தாள்தான் முக்கியம். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது: வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. பீட் (பாட்டின் பின்னணித் தாள இசை) செய்தவருக்கு ஜிபேயில் பணம் போட்டதாலேயே அவருடைய உரிமை லேபிளுக்கு வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தை எழுதி, கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்பவர்கள் அதில் வரமாட்டார்கள். நாட்டைச் சொல்லும் அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். பாடலாசிரியரிடமும் இசையமைப்பாளரிடமும் "ராயல்டியே வேண்டாம்" என்று எழுதி வாங்குவதும் செல்லாது. 2012 திருத்தம் அவர்கள் பங்கைக் காக்கிறது. அது நியாயம் என்றே நாங்களும் நினைக்கிறோம். அவர்களுக்கு ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேரச் சொல்லுங்கள்.

அடுத்தது லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சிறு இசைத் துண்டு. கானாப் பாட்டுக்கு சாம்பிள் பேக்கிலிருந்து (யாரும் வாங்கக்கூடிய ஒலித் தொகுப்பு) ஒரு டோலக் லூப் எடுத்திருப்பீர்கள். அதே லூப் இன்னும் பல பாட்டுகளில் ஓடும். அந்தப் பாட்டை, மற்றவர் வீடியோக்களில் அதே ஒலி இருக்கிறதா என்று தேடும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் ஏற்றினால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீடியோமேல் உங்கள் பெயரில் உரிமைகோரல் விழும், தகராறும் வரும். அப்படிப்பட்ட பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்க மாட்டோம். டோலக்கை வாசிக்க வைத்துப் பதிவு செய்தால் சிக்கலே இல்லை. காதுக்கும் அதுதான் இனிமை.

ஐஎஸ்ஆர்சி என்பது பதிவின் 12 எழுத்து அடையாளம். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பழைய பதிவோடு நின்றுபோகும். ரீமிக்ஸ் போலப் பதிவே மாறினால்தான் புது எண்.

பெயரிலும் கவனம் தேவை. 'யாழினி' என்ற பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒரு பாட்டுக்கு இசட்-எச் என்றும் அடுத்ததற்கு வெறும் எல் என்றும் எழுதினால், ஒரே பாடகிக்கு இரண்டு பக்கம் முளைக்கும். பிறகு ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு.

ஃபைல்: 24 பிட் வேவ். படம்: 3000-க்கு 3000 பிக்சல், சதுரம். எம்பி3-ஐ வேவாக மாற்றி அனுப்பாதீர்கள், எம்பி3 ஆக்கும்போது போன ஒலி திரும்பாது.

ஏற்கெனவே வெளியான பாட்டுக்குத் தாள் இல்லையென்றால், இப்போதும் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். மாதிரிப் படிவம் தமிழிலேயே வைத்திருக்கிறோம், கேட்டால் அனுப்புவோம்.

அன்புடன்,
மாஸ்டரிங் மற்றும் வெளியீட்டுப் பிரிவு,
சாலிகிராமம், சென்னை