சராசரிச் சம்பளம் தவணை கட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் உயர்கல்விப் பக்கத்தில், கணக்கையும் புள்ளியியலையும் வைத்து நிர்வாக முடிவெடுக்கச் சொல்லித்தரும் மேலாண்மை அறிவியல் பட்டம் பற்றி ஒரு அட்டவணை வந்திருந்தது. ஒரு கட்டத்தில் படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம், அடுத்த கட்டத்தில் சராசரிக் கல்விக் கடன், அதற்குக் கீழே இரண்டே ஆண்டில் கடன் அடைந்துவிடும் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. இதே படிப்பைக் கடன் வாங்கிப் படித்து, முழுசாக ஒன்பது ஆண்டு தவணை கட்டியவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுக் காபியைக் கீழே வைத்தவன், அப்புறம் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தச் சராசரி. பத்துப் பேர் படித்து வெளியே வருகிறார்கள், ஒன்பது பேருக்கு ஆளுக்கு 4 கிடைக்கிறது, ஒருவருக்கு மட்டும் 44 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 8 வரும். அந்த 8ஐ வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடக் கிடையாது. சம்பள வரிசையில் நிற்கவைத்து நடுவில் இருப்பவரைக் கேட்டால் 4 என்பார், அதுதான் நடுமதிப்பு. இது புள்ளியியல் முதல் பாடம், இந்தப் பட்டத்திலேயே முதல் பருவத்தில் சொல்லித்தருகிறார்கள், ஆனால் அதே பட்டத்தை விற்கும் கையேட்டில் மட்டும் எப்போதும் சராசரியும் உச்சபட்ச பேக்கேஜும்தான் இருக்கும். அதிலும் வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்து வகுத்திருப்பார்கள், கிடைக்காதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுத்தது, யாருடைய சம்பளம் என்பது. அமெரிக்க அரசு 2013இல் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற இணையதளத்தைத் தொடங்கியது, 2019 முதல் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக நடுமதிப்புக் கடனையும் நடுமதிப்பு வருமானத்தையும் அதில் போடுகிறார்கள். உலகத்தில் இந்த விஷயத்துக்கு இவ்வளவு வெளிப்படையான கணக்கு குறைவு, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படிப்புகளை, அவற்றுக்குக் கொடுத்திருக்கும் நான்கு இலக்கக் குறியீட்டு அளவில் தொகுக்கிறார்கள், அந்தத் தொகுப்பில் மேலாண்மை அறிவியலோடு வணிகப் புள்ளியியலும் ஆக்சுவரியல் படிப்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஆக்சுவரி என்றால் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்பவர், தேர்வுமேல் தேர்வு எழுதி ஏறும் தொழில், நல்ல சம்பளம். ஒரு கல்லூரியில் அந்தப் பிரிவு பெரிதாக இருந்தால் மொத்த எண்ணும் தூக்கிக் காட்டும், பொதுவான மேலாண்மைப் பாடங்களைப் படித்துவிட்டு வருகிறவர் அந்த எண்ணைத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். இன்னொன்று, அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ வாங்கியவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருகிறார்கள். படிப்பு வாரியான அந்த எண்களில் படித்து முடித்தவர்கள் மட்டும்தான். இரண்டாம் ஆண்டில் பணமுட்டுப்பாட்டில் படிப்பை விட்டவருக்குப் பட்டமும் இல்லை, அட்டவணையில் இடமும் இல்லை, கடன் மட்டும் அவர் பெயரில் அப்படியே இருக்கும். ஒரு படிப்பின் ஆபத்தைப் பார்க்கவேண்டும் என்றால் முதலில் அவரைத்தானே பார்க்கவேண்டும்?

சரி, கடன் பக்கம் வருவோம். கடன் 100 என்று உங்கள் அட்டவணை சொன்னால் கட்டவேண்டியது 100 என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் பத்தொன்பது வயதில் அப்படித்தான் நினைத்தேன். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 25, 25ஆக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம், படிக்கும்போது தனிவட்டிதான், அதைக் கட்டாமல் விடுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் 25 நான்கு ஆண்டும் வட்டி ஏற்றும், கடைசி 25 ஓர் ஆண்டு ஏற்றும், கூட்டிப் பார்த்தால் பட்டமளிப்பு விழாவன்று 125. வேலை தேட ஆறு மாதம் அவகாசம் கொடுத்தால் அது 130. அந்த 130ஐப் பத்து ஆண்டில் கட்டி முடிக்க மாதம் 1.72 வரும், முடிக்கும்போது மொத்தம் 206 கட்டியிருப்பீர்கள். தவணை பாரமாக இருக்கிறதே என்று பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதம் 1.40 ஆகக் குறையும், மொத்தம் 251 ஆகிவிடும். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, அதற்காக ஐந்து ஆண்டு கூடுதல் கட்டு! படிக்கும்போதும் அந்த அவகாசத்திலும் வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் 130 என்பது 100ஆகவே நிற்கும். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர்களுக்குச் சொல்லும் அவசரம் இல்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது சம்பளத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். முதல் வேலையின் ஆண்டுச் சம்பளமும் அந்த 130ஆகவே இருந்தால், பத்தாண்டுத் தவணை மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட 16 சதவீதம். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது ஐந்தில் நான்கு பங்கு என்றால் அதே தவணை 20 சதவீதம். கடன் ஆண்டுச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு என்றால் கையில் வருவதில் 40 சதவீதம், வாடகை கட்டிவிட்டு மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் லாபநோக்கக் கல்லூரிகளுக்கும் சான்றிதழ்ப் படிப்புகளுக்கும் ஒரு விதி போட்டார்கள், கடன் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அல்லது அடிப்படைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று. 2014இல் கொண்டுவந்து, 2019இல் எடுத்துவிட்டு, 2023இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த இழுபறியில் அரசியல் நிறைய உண்டு, அதை விடுங்கள், 8 என்ற அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் 'இரண்டே ஆண்டில் அடைந்துவிடும்' என்ற வரியை மறுபடி படித்துப் பாருங்கள். கடன் ஓர் ஆண்டுச் சம்பளத்துக்குச் சமமாக இருந்தால்கூட, இரண்டு ஆண்டில் அடைக்கவேண்டும் என்றால் முழுச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் தவணைக்கே கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவேண்டியிருக்கும்.

என் கோபம் இந்தப் படிப்பின்மேல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்பவர்களின் கணக்கு, கிடங்கில் எவ்வளவு சரக்கு வைப்பது, இருக்கிற வளத்துக்குள் அதிகப் பலன் தரும் வழியைக் கண்டுபிடிக்கும் நேரியல் நிரலாக்கம், ஒவ்வொரு முடிவின் விளைவையும் கிளைகிளையாக வரைந்து பார்க்கும் தீர்மான மரம் என்று அது சொல்லித்தந்ததை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன். நேரியல் நிரலாக்கக் கணக்குகளைப் போட 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையைக் கையால் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அது மூளையை எப்படித் திருகி நேராக்கும் என்று. வேடிக்கை என்னவென்றால், எதை எடுத்தால் எவ்வளவு வரும், வராவிட்டால் எவ்வளவு போகும் என்று எடைபோடும் வித்தையைச் சொல்லித்தரும் படிப்பு இது, அந்த வித்தையைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே அதற்கான கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மூன்றாம் ஆண்டில் நிகழ்தகவு வகுப்பில் என் கடனையே உதாரணமாக வைத்து ஒரு தீர்மான மரம் வரைந்தேன். பக்கத்தில் இருந்த நண்பன் எட்டிப்பார்த்துவிட்டு, 'இதை முதல் வருஷமே போட்டிருக்கணும்டா' என்றான்.

அந்த மரத்தில் நான் கண்டது இதுதான். இந்தப் பட்டம் வாங்கினால் 10 சம்பாதிக்கலாமா என்பதல்ல கேள்வி. கடன் அதிகம் இல்லாமல் வெறும் புள்ளியியலோ கணிதமோ படித்தால் 9 கிடைக்கும் என்றால், நான் அத்தனை கடனையும் வாங்கியது நடுவில் இருக்கும் அந்த 1க்காகத்தான். அட்டவணையில் அந்த 9 என்ற கட்டமே இல்லை. அதோடு, நல்ல கல்லூரியில் சேர்ந்தவர் நன்றாகச் சம்பாதிப்பது கல்லூரியாலா, அவராலா என்பதும் உண்டு. பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள் ஏறக்குறைய அதே அளவுதான் சம்பாதித்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கைகொடுத்தது. இதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் கடன் வாங்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆக, கடனே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடன் கொடுக்கும் முறையிலும் தப்பு இருக்கிறது. 1955இலேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார், வீட்டுக்குக் கடன் கொடுத்தால் வீடு ஈடாக இருக்கிறது, படிப்புக்குக் கொடுத்தால் மனிதனை ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது, அதனால் வருங்கால வருமானத்தில் ஒரு பங்கு என்ற முறையில் கொடுக்கலாம் என்று. ஆஸ்திரேலியா 1989இல் அதை ஒட்டிய ஒரு வழியில் போனது, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கட்டவேண்டும், வேலை போனால் தவணையும் நிற்கும், பொருளாதார அறிஞர் ப்ரூஸ் சாப்மன் வடிவமைத்தது. எனக்குக் கிடைத்தது அப்படியல்ல, அப்பாவின் ஜாமீன் கையெழுத்து. இடையில் எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தபோது தவணை கேட்டு வந்த போன் எனக்கு வரவில்லை, அவருக்குத்தான் போனது. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இப்படி அட்டவணை போடும்போது சராசரியோடு நிறுத்தாமல், கீழ்க்கால்பகுதியில் இருப்பவரின் சம்பளத்தையும் போடுங்கள், அதாவது நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து இருபத்தைந்தாவது ஆள். கடன் தொகைக்குப் பதில் அவகாசம் முடிந்த மாதத்தில் தொடங்கும் தவணையைப் போடுங்கள். எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்று ஒரு கட்டம் சேர்த்தால் இன்னும் நல்லது. உச்சபட்ச பேக்கேஜைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது ஒருவருடைய சம்பளம், அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

என் தம்பி மகள் இந்த ஆண்டு இதே படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பெரியப்பா சொன்னதற்காக, அவளுக்கு இடம் கொடுத்த கல்லூரிக்கு அந்தக் கீழ்க்கால்பகுதி எண்ணை மட்டும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்று நாளில் பதில் வந்தது, உடனே திறந்து பார்த்தோம். பழைய கையேட்டையே மறுபடி இணைத்து அனுப்பியிருந்தார்கள்.

இப்படிக்கு,
கடன் கட்டி முடித்த வாசகன்