நான்காம் அத்தியாயம் பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

முடிவெடுத்துவிட்டேன். நான்காம் அத்தியாயத்தில் இயந்திரம் கண்ட நிரூபணமே போகிறது. அதே தேற்றத்துக்கு நீங்கள் கையால் எழுதிய நிரூபணப் பக்கங்கள் ஆய்வேட்டில் இல்லை. அடுத்த மாதம் சமர்ப்பிக்கிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

மன்னியுங்கள். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. உங்கள் வாதத்தை வரிக்கு வரி லீனில், நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும் அந்த நிரலில், எழுதிப் பார்த்தேன். மூன்றாவது படி வரை அத்தனை அழகு. லூப் என்ற அந்த இயற்கணித அமைப்பின் உட்கருவிலிருந்து, அதாவது அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாத உறுப்புகளிலிருந்து, தொடங்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித்தான் தோன்றியதோ என்று வியந்துகொண்டே தட்டச்சு செய்தேன். அடுத்து, ‘இதிலிருந்து எளிதில் பெறலாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே, இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று காட்டும் மஞ்சள் கோடு விழுந்தது. பெற முடியவில்லை, அக்கா. எளிதாகவும் முடியவில்லை, பாடுபட்டும் முடியவில்லை. அது தவறு என்று நான் சொல்லவில்லை. முழுமை பெறாததைத் தேற்றம் என்று தலைப்பிட்டுத் தேர்வாளர்களுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. நீங்களும் அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

எல்லாம் அந்த இரவோடு நிற்கிறது. நிரூபணத்தைத் தானே தேடும் புரூவர்9 நிரலின் திரையில் ‘தியரம் ப்ரூவ்ட்’, தேற்றம் நிரூபிக்கப்பட்டது, என்று வந்ததும் நான் கத்தினேன். தேநீருக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். நீங்கள் மட்டும் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசிக்குப் போனீர்கள். டாலர் குறி, பக்கத்தில் எஃப்: நம் கூற்றின் மறுப்பை வைத்துக்கொண்டு தேடிப் போனது முரண்பாட்டில் முட்டி நின்ற இடம். அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனீர்கள். அடைப்புக்குறிகளே மூன்று வரிக்கு நீண்ட ஒரு சமன்பாட்டில் விரல் நின்றது. “இது ஏன் இங்கே வருகிறது?” என்று கேட்டீர்கள். “ஏன் வந்தால் என்ன, வந்துவிட்டதே” என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நான் எத்தனை முறை ஓட்டியும் நினைவகம் நிரம்பி நின்றுபோன தேடல் அது. இதே கூற்றின் எளிய வகைகளுக்கான நிரூபணங்களிலிருந்து எந்த வரிகளைத் தேடலுக்கு வழிகாட்டும் குறிப்புகளாகக் கொடுக்க வேண்டும் என்று பொறுக்கியெடுத்தவர் நீங்கள். அதற்குப் பிறகுதான் அது முடிந்தது. பெற்றுவிட்டு, என் பிள்ளை இல்லை என்று சொன்னால் எப்படி?

பிறகு நடந்த கூட்டத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்த அறையில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். உங்களிடம் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது, கேட்ட விதம் நியாயமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் பேசாமல் இருந்தேன் என்பது உங்கள் வருத்தம். என் உதவித்தொகை நீட்டிப்பும் அதே கூட்டத்தில்தான் இருந்தது என்பதை நீங்கள் ஒரு முறையாவது நினைத்துப் பார்த்தீர்களா?

நீங்கள் எப்போதும் ராபின்ஸ் கணக்கைத்தான், ராபின்ஸ் இயற்கணிதங்கள் எல்லாம் பூலியன் இயற்கணிதங்களா என்ற கேள்வியைத்தான், எடுத்து வருவீர்கள். 1933 முதல் தர்க்கவியல் மேதை டார்ஸ்கிக்கும் பிடிபடாமல் இருந்ததை, மக்யூன் எழுதிய இக்யூபி என்ற நிரல் 1996-ல் எட்டு நாள் ஓடி முடித்தது. அதை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும்படி டான் திருத்தி எழுதி 1998-ல் வெளியிட்டாரே, அன்றுதான் அது முடிந்தது என்பீர்கள். எனக்கும் அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனால் 2016-ல் பித்தாகோரஸ் மும்மைகளுக்கு (3, 4, 5 போல, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதன் வர்க்கம் வரும் முழு எண்கள்) கணினியிலிருந்து வந்த நிரூபணம் 200 டெராபைட். ஒரு மும்மைகூட ஒரே நிறத்தில் விழாதபடி 7824 வரையுள்ள எண்களுக்கு இரண்டு நிறம் தீட்டலாம். 7825-ஐச் சேர்த்தால் முடியாது. ஏன் 7825 என்று அந்த நிரூபணம் சொல்லவில்லை. அதற்காக அது தேற்றமில்லை என்றாகிவிடுமா? தேடிய நிரல் எப்படி அலைந்திருந்தால் என்ன, சரிபார்க்கும் நிரல் தனி. நம் நிரூபணத்தையும் லீனில் தனியே சரிபார்த்துவிட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளில் ஒன்றுகூட இடறவில்லை.

ஆனாலும் அந்த மூன்று வரிச் சமன்பாடு ஏன் அங்கே வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், கேட்டால் தெரியவில்லை என்றே சொல்வேன். அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை நம் ஆய்வுக்கூடத்தில் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் போனபின் அந்தக் கேள்வியைக் கேட்க இங்கே ஆளில்லை. அதற்காகத்தான் எனக்குக் கோபம்.

குறிப்புகள் உங்களுடையவை என்று அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே உங்கள் பெயரோடு எழுதியிருக்கிறேன். லீன் கோப்பையும் உங்கள் பக்கங்களின் ஸ்கேனையும் பழைய முகவரிக்கு அனுப்புகிறேன். நான்காவது படியை அடைத்துவிட்டால் அது உங்கள் தனிக் கட்டுரை. என் பெயர் அதில் வேண்டாம். ஆய்வேட்டில் உங்கள் பெயர் வருவதில் விருப்பமில்லை என்றால் அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் பெயர் இருக்கும்.