ஹவ்லின் வுல்ஃபின் காலடியில்

அன்புள்ள நண்பனுக்கு,

கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். மகள் மாற்றலாகிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. போன ஞாயிறு பரணை ஒழித்தபோது, விடுதி அறையில் நாடா தேயத் தேய நாம் கேட்ட, பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் கேசட் கிடைத்தது.

"கறுப்பர்களின் பாட்டைத் திருடியவர்கள்" என்று நீ சொல்வாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டேன். நாற்பது வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், நீ சொன்னதில் பாதி உண்மை. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையைப் பாடிய ராபர்ட் ஜான்சனின் 'லவ் இன் வெய்ன்' பாட்டை 1969இல் இவர்கள் வெளியிட்டபோது இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

மறுபாதியையும் கேள். 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், சிறுவயதுப் பள்ளித் தோழன், பின்னாளில் குழுவின் பாடகரான மிக் ஜாகரோடு கிதார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் மறுபடி ஒட்டிக்கொண்டது ஜாகர் கையிலிருந்த இசைத்தட்டுகளால்தான். சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர்களுடையவை. இரண்டும் சிகாகோவின் செஸ் நிறுவனத் தட்டுகள். குழுவின் பெயரே மட்டி வாட்டர்ஸ் 1950இல் பாடிய பாட்டிலிருந்து வந்தது. அவர் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மதுக்கூடங்களின் இரைச்சலில் சாதாரண கிதார் எடுபடவில்லை, மின்கிதாருக்கு மாறினார். நம்மைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஓசை பிறந்த இடம் அதுதான்.

1964 டிசம்பரில் இவர்கள் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வில்லி டிக்சன் எழுதி, ஹவ்லின் வுல்ஃப் என்ற கறுப்பினப் பாடகர் பாடியிருந்த மெதுவான ப்ளூஸ் பாட்டு. நடனத்துக்காக வேகத்தைக் கூட்டாமல் அந்த நடையிலேயே பாடினார்கள். எனக்கு அதுவே பெரிய மரியாதையாகப் படுகிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே 1965 மே மாத அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக. வுல்ஃபையும் அழைத்தால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் தடியால் அடித்திருந்தது. பேட்டி நீண்டபோது, நாம் பேசியது போதும், அவர் பாடட்டும் என்று குழுவின் இன்னொரு கிதார்காரர் பிரையன் ஜோன்ஸ் குறுக்கிட்டார். ஐம்பத்து நான்கு வயது வுல்ஃப், மலைபோன்ற உடம்பு, மேடை அதிரப் பாடுகிறார். உலகமே கொண்டாடிய பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திருடனுக்கு அந்த முகம் வராதடா.

2015 டிசம்பரில், ஜாகரும் ரிச்சர்ட்ஸும் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸும் எழுபதைக் கடந்த பிறகு, லண்டனில் மூன்றே நாளில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை, அத்தனையும் பழைய ப்ளூஸ். ஜாகரின் மவுத் ஆர்கனைக் கேள், பையனாகிவிட்டார். வாட்ஸ் 2021இல் போய்விட்டார்.

கட்டுப் பிரித்ததும் முதலில் அந்த 1965 ஒளிப்பதிவைப் பார். பார்த்துவிட்டுச் சண்டைக்கு வா, கேசட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்