கொண்டோ வாடகை வீட்டுக்குள் யார், எப்போது வரலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோ கொண்டோக்களில் (ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சொந்தக்காரர் உள்ள அடுக்குமாடிகளில்) வாடகைக்கு இருக்கும் நம்மவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. "24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்காமல் ஒருவரும் உள்ளே வர முடியாது" என்பது ஒன்று. "கொண்டோ நிர்வாகம் நினைத்த நேரம் வரும், நாங்கள் ஒன்றும் கேட்க முடியாது" என்பது மற்றது. இரண்டும் பிழை. இவற்றை நம்பிச் சிலர் தீ எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். வேறு சிலர், நிர்வாகத்தின் ஆட்களோடு சேர்ந்து வீட்டுச் சொந்தக்காரரும் உள்ளே வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பதைப் பேசாமல் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்ராறியோவில் இந்த ஒரு கதவுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. கொண்டோ நிர்வாகம் உள்ளே வருவது 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி. சொந்தக்காரர் வருவது 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 25 முதல் 27 வரையான பிரிவுகளின்படி. ஒருவருக்குக் கிடைத்த அனுமதியை மற்றவர் பயன்படுத்த முடியாது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, "நியாயமான முன்னறிவித்தல்" கொடுத்து, "நியாயமான நேரத்தில்", தன் கடமைகளைச் செய்ய வரலாம் என்றுதான் 19ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. அதை உங்கள் கட்டடத்தின் பிரகடனத்திலோ (declaration எனும் அதன் அடிப்படை ஆவணம்) துணை விதிகளிலோ தேடிப் பார்க்க வேண்டும். பல கட்டடங்கள் 24 அல்லது 48 மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கின்றன. வழமையாக வருவது எதற்கு என்றால், ஃபான் கொயிலின் (வீட்டைச் சூடாக்கிக் குளிராக்கும் கருவி) வடிகட்டி மாற்ற, ஆண்டுக்கொரு முறை தீ எச்சரிக்கைக் கருவியைச் சோதிக்க, பல்கனி, ஜன்னல், குழாய்களைப் பார்க்க, பூச்சி மருந்து அடிக்க. மேலேயிருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணீர் கொட்டினால், புகை வந்தால், முன்னறிவித்தலுக்குக் காத்திருக்க மாட்டார்கள், அது சரியும்கூட. ஆனால் வீடு துப்புரவாக இருக்கிறதா, எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று சும்மா எட்டிப் பார்ப்பது கடமையில் அடங்காது. காரணம் எழுதப்படாத அறிவித்தல் வந்தால், என்ன வேலை, எந்த அறையில், யார் வருகிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

உண்மையான சிக்கல் அறிவித்தல் போய்ச் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. நிர்வாகம் சொந்தக்காரரின் மின்னஞ்சலுக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, லிஃப்டுக்குள் ஒரு தாளை ஒட்டிவிடும். சொந்தக்காரர் அதைத் திறக்கவே மாட்டார். நீங்கள் இரவு வேலை முடித்து உறங்கும்போது கதவு திறக்கும். இதைத் தடுக்க வழி இருக்கிறது. கொண்டோமினியம் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தம் செய்த 10 நாட்களுக்குள் சொந்தக்காரர் உங்கள் பெயரை நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். பிரகடனம், துணை விதிகள், விதிகள் மூன்றின் பிரதியையும் உங்களுக்குத் தர வேண்டும். முழு ஒப்பந்தத்தைக் கொடுக்கத் தேவையில்லை, அதற்கென உள்ள சுருக்கப் படிவம் போதும். உங்கள் சம்பளத் துண்டும் கடன் அறிக்கையும் நிர்வாக அலுவலகத்துக்குப் போக ஒரு காரணமும் இல்லை. குடிவந்த முதல் வாரத்திலேயே நிர்வாகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: வீட்டு இலக்கம், பெயர், தொலைபேசி எண், "இந்த வீட்டுக்குள் வருவது பற்றிய எல்லா அறிவித்தல்களையும் எனக்கும் நேரடியாக அனுப்பவும்" என்ற ஒரு வரி, சொந்தக்காரருக்கு ஒரு பிரதி. பெரும்பாலான அலுவலகங்கள் மறுப்புச் சொல்லாமல் பட்டியலில் சேர்த்துவிடும்.

சொந்தக்காரருக்கு உள்ள கட்டுப்பாடு இதைவிட இறுக்கமானது. அவசரம் என்றாலோ, அந்த நேரத்தில் நீங்களே சம்மதித்தாலோ தவிர, பழுதுபார்க்கவும் பரிசோதிக்கவும் வீடு வாங்க வருபவருக்குக் காட்டவும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். காரணம், தேதி, காலை 8 முதல் இரவு 8 மணிக்குள் ஒரு நேரம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "இந்தக் கிழமை ஒரு நாள் வருவேன்" என்பது அறிவித்தல் ஆகாது. நீங்கள் வெளியேறுவது முடிவானபின், புதிதாக வாடகைக்கு வருபவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு மட்டும் 24 மணி நேரம் தேவையில்லை. அப்போதும் முன்கூட்டி உங்களுக்குச் சொல்ல முயல வேண்டும், அதே 8 மணிக் கணக்கும் உண்டு. அறிவித்தலைக் கதவில் ஒட்டலாம். தபாலில் போட்டால் ஐந்தாம் நாள்தான் கிடைத்ததாகக் கணக்கு. மின்னஞ்சலுக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒன்ராறியோவின் பொது வாடகை ஒப்பந்தத்தின் 3ஆம் பகுதியில் அதற்கொரு கட்டம் இருக்கிறது, கையெழுத்திடுமுன் பாருங்கள். வட்ஸ்அப் செய்தி சட்டம் சொல்லும் வழிகளில் இல்லை. ஆனாலும் நீங்கள் அதை 24 மணி நேரத்துக்கு முன்பே வாசித்துவிட்டீர்கள் என்று சொந்தக்காரர் நிரூபித்தால், வாடகைத் தகராறுகளைக் கேட்கும் வாடகையாளர் சபை (Landlord and Tenant Board) அதை ஏற்கக்கூடும் என்பதால், "வட்ஸ்அப் செல்லாது" என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஃபான் கொயில் பார்க்க நிர்வாகம் வரும் நாளில் சொந்தக்காரரும் கூடவே வந்தால், அவரது அறிவித்தல் எங்கே என்று கேட்கலாம். நிர்வாகத்தின் தாள் அவருக்குச் செல்லாது. கொன்சியேர்ஜிடம் (கட்டட வாசலில் இருக்கும் ஊழியர்) சாவி வாங்கி, நீங்கள் இல்லாத நேரம் அவர் உள்ளே போவதும் அறிவித்தல் இல்லாத நுழைவுதான்.

இதற்காக எல்லாரையும் மறிக்கவும் கூடாது. பொது ஒப்பந்தத்தின் 2ஆம் பகுதியில், வீடு கொண்டோ என்றால் அதன் விதிகளுக்குக் கட்டுப்படுவதாக நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கொண்டோமினியம் சட்டத்தின் 119ஆம் பிரிவும் குடியிருப்பவரைக் கட்டுப்படுத்துகிறது. முறையாக வந்த நிர்வாகத்தைத் தொடர்ந்து தடுத்தால் அது நீதிமன்றம் போய் ஆணை வாங்கலாம். அந்தச் செலவு சொந்தக்காரரின் மாதாந்தக் கட்டணத்தில் ஏறும். அவர் உங்களுக்கு என்5 (N5) அறிவித்தல் தரலாம், அது உங்களை வெளியேற்றுவதற்கான முதல் படி. பூட்டை நீங்களே மாற்றுவது இன்னும் மோசம். சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் மாற்றச் சட்டம் இடம்தராது. தண்ணீர் கொட்டும் நேரம் நிர்வாகத்தின் சாவி பொருந்தாவிட்டால் கதவை உடைப்பார்கள், அந்தச் செலவு உங்களிடம்தான் வரும். பயமாக இருந்தால், உள்ளே இருக்கும்போது மட்டும் போடும் சங்கிலிக்குச் சம்மதம் கேளுங்கள்.

வருகிற நாளில் "காலை 9 முதல் மாலை 5 வரை" என்று போட்டிருந்தால், உங்கள் மாடிக்கு ஏறக்குறைய எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் மேல்மாடியிலிருந்தோ கீழிருந்தோ வரிசையாக வருவார்கள், காலையா மாலையா என்றாவது சொல்லிவிடுவார்கள். வேலை நடக்கும் இடத்தின் முன்னால் உள்ள சாமானை நகர்த்தி, அந்த இடத்தை முன்னும் பின்னும் படமெடுங்கள். ஒப்பந்தக்காரர் தனியாக வந்தால் கட்டட ஊழியர் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் இல்லாதபோது வந்து போனால், யார், எத்தனை மணிக்கு என்று எழுதிய துண்டு வைக்கச் சொல்லுங்கள். கொன்சியேர்ஜ் மேசையில் சாவிப் பதிவேடு இருந்தால் உங்கள் வீட்டு இலக்கத்துக்கு எதிரே உள்ள வரியைக் காட்டும்படி கேட்பதில் பிழையில்லை.

முறைப்பாடு எங்கே என்பதிலும் குழப்பம் இருக்கிறது. சொந்தக்காரரோ அவரது ஆளோ சட்டத்தை மீறி நுழைந்தால், ஒரு வருடத்துக்குள் வாடகையாளர் சபையில் ரி2 (T2) விண்ணப்பம் போட வேண்டும். காலம் தாண்டினால் அந்த விண்ணப்பம் போட முடியாது. மாகாணத்தின் வாடகை அமலாக்கப் பிரிவுக்கும் அறிவிக்கலாம். இது குற்றமாகத் தீர்க்கப்பட்டால் தனி ஆளுக்கு 100,000 டொலர் வரை தண்டம் உண்டு. பிழை விட்டது நிர்வாகம் என்றால் ரி2 பொருந்தாது. கொண்டோ தீர்ப்பாயம் சத்தம், புகை, செல்லப்பிராணி, வாகனத் தரிப்பு போன்றவற்றைத்தான் கேட்கும், வீட்டுக்குள் நுழைந்த வழக்கை எடுக்காது. அங்கே பணம் கட்டி நேரத்தை வீணாக்காமல், இயக்குநர் சபைக்குத் தேதியுடன் கடிதம் எழுதி, சொந்தக்காரரையும் எழுதச் சொல்லுங்கள்; அவர்தான் கூட்டத்தில் வாக்குள்ளவர். அதன்பின்னும் நடந்தால் உங்கள் பகுதிச் சமூகச் சட்ட மையத்தை நாடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை இலவசம். போகும்போது அறிவித்தல் தாள்கள், மின்னஞ்சல்கள், படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் கொண்டு போங்கள்.

ஸ்காபரோ வாசகர்